மயூரி — இல்லை

அக்கா,

உன் வெள்ளைக் கோட்டு இப்போது என் மடியில் கிடக்கிறது. தோய்க்க வேண்டும் என்று ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்து நீ தோய்க்காமல் விட்டது. ஏழு மாதம் அலுமாரிக்குள் தொங்கியும் மணம் போகவில்லை. ஸ்பிரிட், மரத்தூள், அவற்றுக்கு அடியில் எலிக்கூட்டின் அந்தப் புளித்த வாடை. நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா "முதல்ல போய்க் குளி" என்று சொல்வது இதற்காகத்தான். இப்போது சில நாட்களில் அதே அம்மா அலுமாரியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூடுகிறார்.

நான் நுளம்பு வலைக்குள் இருந்து கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். உயிரியல் கொப்பியின் கடைசிப் பக்கங்கள். அம்மா அடுத்த அறையில். நான் எழுதுவது அவருக்குத் தெரியக்கூடாது. எழுதுகிற விஷயம் அதைவிடத் தெரியக்கூடாது. என் இடது காதிலிருந்து மறுபடியும் சீழ் வடிகிறது. நீ போன பிறகு இது மூன்றாம் தடவை. இரண்டு கிழமையாக நெஞ்சிலும் சளி. அம்மா எழும்புமுன் தலையணை உறையை நானே தோய்த்து, குளியலறைக் கம்பியில் துவாய்க்குப் பின்னால் காயப்போடுகிறேன். "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று அம்மா மேல்மாடி அன்ரிக்குச் சொல்வதைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கும் இப்படித்தான் தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். காது, பிறகு மூக்கு, பிறகு நெஞ்சு. வெள்ளவத்தைக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னோம். நீயும் அதையே சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் அந்தப் படத்தைக் கண்டேன். அலுமாரிக்குப் பின்னால் ஒரு சுண்டெலி பிறாண்டுகிறது என்று அம்மா ஒட்டுப் பலகை வாங்கி வந்திருந்தார். அதை வைக்க அலுமாரியை இழுத்தபோது உன் கோட்டு கொழுவியிலிருந்து வழுவி விழுந்தது. தூக்கியபோது பையில் ஒரு தாள் சரசரத்தது. கடையில் தரும் பற்றுச்சீட்டுப் போல வழுவழுப்பான தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், ஆய்வுகூடத்தில் பரம்பரையலகுகளைத் தேடி எடுக்கும் படம். நீ முன்பு இப்படியானவற்றை மேசையில் பரப்பி வைத்திருப்பாய், நான் தேநீர் வைத்தால் ஏசுவாய்.

ஐந்து நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே உன் சரிந்த எழுத்து. வெள்ளை, வீடு, வயல், முள். இந்த நான்கிலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு இருந்தது. ஐந்தாவது நிரல் வெறும் கறுப்பு. அதன் கீழே நீ என் பெயரை எழுதியிருந்தாய்: "மயூரி — இல்லை".

அம்மா பலகையை நேராக வைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை என் சட்டைக்குள் வைத்தேன்.

முதல் நான்கும் என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளை என்றால் ஆய்வுகூடத்து வெள்ளை எலி. வீடு என்றால் வீட்டுச் சுண்டெலி. அதைப் பிடிக்க நீ கொட்டாஞ்சேனையில் மாமாவின் அரிசிக்கடைக்குப் போனபோது நானும் வந்தேன். மூடைகளுக்கு இடையில் நீ குந்தியிருந்து பொறிகளை வைக்க, மாமா கல்லாவில் இருந்துகொண்டு வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எலி பிடிக்கவோ பிள்ளை உன்னைக் கம்பசுக்கு அனுப்பினது? இஞ்ச நிக்கிற என்ர பூனைக்கும் ஒரு பட்டம் எடுத்துக் குடு." நீ திரும்பியும் பார்க்காமல், "பூனை சோதினை எழுதினா வேலையை அதுக்கே குடுக்கிறன் மாமா" என்றாய். வயல் என்பது நெல்வயலில் வளை தோண்டும் சின்ன எலி. முள் என்பது முதுகில் முள்ளுப்போல் மயிர் உள்ளது. ஒன்றுக்கொன்று சொந்தமான எலி இனங்கள்.

ஐந்தாவதாக ஏன் நான்?

அதற்கும் ஒரு விடை என்னிடம் இருந்தது. அதனால்தான் பயந்தேன். நீ கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, கையில் பஞ்சுக்குச்சியோடு வந்து நின்றாய்.

"வாயைத் திற."

"என்னத்துக்கு?"

"எலியளோட ஒப்பிட்டுப் பாக்க மனுசர் ஒராள் வேணும்."

"அப்ப உன்ர வாயைக் கிண்டன்."

"என்ரயும் எடுத்தாச்சு. நீதான் எலிக்குக் கிட்டத்துச் சொந்தம். ஒளிச்சிருந்து கொறிக்கிறது ஆர்?"

நான் சிரித்தேன். சிரித்த வாய்க்குள் குச்சியை விட்டு, கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாய். தேய்த்து முடிந்த பிறகும் நீ என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உன் விரல்கள் சூடாக இருந்தன. காய்ச்சல் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

ஆகவே இந்தப் படத்தில் நீ என்னைப் பார்த்திருக்கிறாய், என்னிடம் ஏதோ ஒன்று இல்லை என்று கண்டிருக்கிறாய், எங்களிடம் மறைத்திருக்கிறாய். ஞாயிறு முதல் இன்றுவரை நான் நம்பியது இதைத்தான். வகுப்பில் இருக்கும்போதும், நூற்றியோராம் பஸ்ஸில் நிற்கும்போதும், அந்தக் கறுப்பு நிரல் என் நெஞ்சுக்குள் நேராக நின்றது.

நீ எதைத் தேடினாய் என்று எனக்குக் கொஞ்சம் விளங்கும். ஒரு மழைநாள் பின்னேரம் பல்கனியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தோம். பாடசாலையில், நோய்க்கிருமியோடு சண்டைபிடிக்க உடம்பு செய்யும் பிறபொருளெதிரி பற்றிப் படித்ததை நான் புத்தகத்தில் உள்ளபடி ஒப்புவித்தேன். நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"அது பேர். ஆளை உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"முந்நூற்றுநாலு விளையாடேக்க காட்ஸ் கலைக்கிறம் எல்லோ. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு பரம்பரையலகு வைச்சிருக்க உடம்பில இடமில்லை. கொஞ்சத் துண்டுதான் இருக்கு. அதைக் கலைச்சுக் கலைச்சு அடுக்கித்தான் அவ்வளவையும் செய்யுது. அந்தத் துண்டுகளும் குடும்பம் குடும்பமா இருக்கு. ஒரு எலி இனத்தில ஒரு குடும்பம் பெருகிப் பத்து இருவதா நிக்கும். அதுக்கு மச்சாள் முறையான இனத்தில ரெண்டு பேர்தான். இன்னொண்டில எல்லாரும் செத்துப்போச்சினம்."

"செத்தா காணாமல் போயிடுமோ?"

"சிலது போகும். கனக்க அப்பிடியே கிடக்கும். வாசிக்க ஏலாத கடிதம் மாதிரி. தாய் குட்டிக்குக் குடுக்கேக்க அதையும் ஒரு எழுத்து விடாமல் படியெடுத்துத்தான் குடுக்கும். பிறகு அந்தக் குட்டி தன்ர குட்டிக்கு. ஆருக்கும் பிரயோசனமில்லை, ஆரும் எறியிறதும் இல்லை."

நான் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் வைத்திருந்தேன். கீழே கடலோரம் ரயில் போனது. நீ அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தினாய். என்னைப் பயப்படுத்துவதென்றால் உனக்கு எப்போதும் விருப்பம்.

"இதைக் கேள். இன்னும் பிறக்காத நோய்க்கும் இப்பவே ஒண்டு உன்ர ரத்தத்துக்க சுத்துது. ஆர் வரப்போகினம் எண்டு அதுக்குத் தெரியாது. வருவினமோ எண்டும் தெரியாது. சும்மா காத்துக்கொண்டு சுத்துது."

அன்றைக்கு நான் உன் கட்டிலில் வந்து படுத்தேன். என் உள்ளே யார் யார் காத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைக்க நித்திரை வரவில்லை. "தள்ளிப் படு விசரி, உன்ர ஆக்களுக்கு இடமில்லை" என்றாய். உன்னை நீங்கள் என்று கூப்பிடவேண்டும் என்று அம்மா எவ்வளவோ ஏசியும் என் வாயில் அது வரவில்லை. உன் முதுகோடு ஒட்டிப் படுத்த பிறகு எப்படி வரும்?

ஆனால் உன் உள்ளே காத்துக்கொண்டு இருந்தவர்கள் மிகக் குறைவு. அதை உனக்கு முதலில் சொன்னது ஒரு கண்ணாடித் தட்டு. நீ அதை நம்பவில்லை.

அந்தக் கதையை நீ சிரித்துச் சிரித்துச் சாப்பாட்டு மேசையில் சொன்னாய். முதலாம் வருட மாணவர்களுக்குச் செய்முறை காட்ட வேண்டியிருந்தது. களிபோல் உறைந்த தட்டில் இரண்டு குழிகள். ஒன்றில் மனிதக் குருதித் தெளிவு, மற்றதில் அதைக் கண்டுபிடிக்கும் மருந்து. இரண்டும் ஊறிவந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழ வேண்டும். குருதி வேறு யாரிடமும் கேட்காமல் உன்னுடையதையே எடுத்தாய். அடுத்தநாள் பார்த்தால் கோடு இல்லை. பிள்ளைகள் எல்லோரும் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்களாம். "மருந்து பழசாப் போச்சு" என்று சொல்லிப் போத்தலைக் குப்பையில் போட்டாய். புதியதுக்கு எழுதிக் கொடுத்தாய்.

"மானம் போச்சு அம்மா. பெடியன் ஒருத்தன் கேக்கிறான், மிஸ் நீங்க உயிரோடதானோ இருக்கிறீங்கள் எண்டு."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அம்மாவுக்குப் புரைக்கேறியது. இப்போதும் சில வேளை அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. கேட்டால் நான் எழும்பி லைற்றைப் போடுகிறேன்.

அந்த மருந்தில் பிழை இல்லை. அது உனக்குத் தெரியவந்தபோது உன் நெஞ்சு ஏற்கெனவே பழுதாகியிருந்தது. பிறபொருளெதிரிகளின் குடும்பங்களைத் தேடி எலி எலியாகப் போன உன் உடம்பு அவற்றை அநேகமாகச் செய்யவே இல்லை. டொக்டர் அதை எங்களுக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சிக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பாக்கிறது நல்லது. சிலவேளை குடும்பத்தில இருக்கும். இருந்தாலும் நேரத்துக்குத் தெரிஞ்சா மருந்து ஏத்தலாம்."

அம்மா அவர் முடிக்க விடவில்லை. "அவளுக்கு ஒண்டும் இல்லை டொக்டர்."

அவர் தந்த கடிதத்தை அம்மா மடித்துக் கொண்டுவந்து பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினார். உன் எட்டுச் செலவு முடிந்தது, முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்தது. கட்டாரிலிருந்து வந்த அப்பா திரும்பிப் போனார். கடிதம் அங்கேயே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் சாமி கும்பிடும்போது படத்தின் ஓரத்தில் அதன் வெள்ளை விளிம்பைப் பார்த்தேன். பார்க்காதது போலக் கண்ணை மூடினேன்.

இன்றைக்கு ரியூசன் முடிந்து வந்து, வீட்டுக்குள் போகாமல், படிக்கட்டில் இருந்து உன் சிநேகிதி நில்மினி அக்காவுக்கு எடுத்தேன். உன் ஆய்வுகூடத்தில் உன் மேசைக்கு அடுத்த மேசை. சிங்களவர்தான், ஆனால் நீ சொல்லிக்கொடுத்த தமிழை இன்னும் வைத்திருக்கிறார். என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் 'நங்கி' என்பார்.

"நங்கி? அனே, நீங்களா. குரல் அப்பிடியே அக்கா."

படத்தைப் பற்றிக் கேட்டேன். ஐந்தாவது நிரலில் என் பெயர் இருக்கிறது, எனக்கு என்ன இல்லை என்று கேட்டேன். பிறகு அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நங்கி, அது நீங்க இல்ல. அது எலி."

இந்த நாட்டுக் காட்டில் மட்டும் உள்ள ஒரு எலியாம். விஞ்ஞானப் பெயரின் பின்பகுதி மயோரி. நீ முதல் தடவை அதை வாசித்துவிட்டு ஆய்வுகூடம் முழுக்கக் கேட்கச் சிரித்தாயாம். அன்றிலிருந்து உனக்கு அது மயூரி. கூட்டைத் துப்புரவாக்கும்போது, "மயூரி, கடிக்காதை, அம்மாட்டைச் சொல்லிப்போடுவன்" என்று தமிழில் வெருட்டுவாயாம். நில்மினி அக்கா அதை உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"அப்ப இல்லை எண்டு எழுதியிருக்கு?"

"அதுவும் 'இல்லை' இல்ல." அவர் தமிழுக்குத் தடுமாறினார். "கோடு வரல, அவ்வளவுதான். அந்த எலி மத்த எலியில இருந்து ரொம்பக் காலம் முன்ன பிரிஞ்சது. குடும்பம் உள்ள இருக்கு, ஆனா எழுத்து கொஞ்சம் மாறிட்டது. எங்க சாவி அந்தப் பூட்டுக்குப் போகல. அக்கா வேற சாவி செஞ்சு பார்த்தா. பிறகு கோடு வந்தது."

நான் சுவரில் தலையைச் சாய்த்தேன். படிக்கட்டில் யாரோ மீன் பொரிக்கும் மணம். ஐந்து நாளாக இழுக்காத மூச்சை இழுத்தேன். அது இருமலாக வெளியே வந்தது.

இருமல் முடிந்ததும் நில்மினி அக்கா கேட்டார்: "இது எவ்வளவு நாள்?"

நான் பஞ்சுக்குச்சியைப் பற்றிக் கேட்டேன். அதை என்ன செய்தாய் என்று.

"இருக்கு. பிரீசர்ல, அக்காவின்ர பெட்டியில. ரெண்டு குழாய், ஒண்டா டேப் சுத்தி. ஒண்டு அக்கா, ஒண்டு நீங்க. எலிக் குழாய்களுக்குப் பக்கத்தில. வெச்ச நாள் நான் கேட்டன், எப்ப செய்யிறது எண்டு. நாளைக்கு எண்டா. அடுத்த நாளும் நாளைக்கு எண்டா. திறக்கவே இல்ல." பிறகு சொன்னார்: "நங்கி, உங்க அக்கா பயந்தா."

நீ பயந்தாய் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மனிதர் ஒருவர் வேண்டும் என்றது பொய். குசினியில் என் முகத்தை நீ அப்படிப் பார்த்தது எனக்கு இப்போது விளங்குகிறது. பார்க்க வேண்டும் என்று எடுத்தாய். பார்த்தால் அது உண்மையாகிவிடும் என்று விட்டாய். நானும் தலையணை உறையோடு அதைத்தான் செய்கிறேன். உன் உமிழ்நீரும் என் உமிழ்நீரும் அந்தக் குளிரில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, உன் கட்டிலில் நாம் படுத்ததுபோல. உன்னை எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டோம். ஆனாலும் ஒரு துளி நீ அங்கே எலிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறாய், உறைந்து, கெடாமல்.

"அதுல பார்த்து ஒண்டும் சொல்ல ஏலாது நங்கி," என்றார் நில்மினி அக்கா. "இந்தப் படத்திலயும் ஏலாது. சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். இருந்தா இப்ப மருந்து இருக்கு. அக்காவுக்குப் பிந்திட்டது. நீங்க பிந்த வேணாம். அம்மாக்குச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குள் வந்தேன். அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதி முடிக்க, பதினொன்றரைக்கு எனக்கு இருமல் தொடங்கியது. வழக்கம்போல் தலையணையில் வாயை அழுத்தினேன். இந்த முறை நிற்கவில்லை. அடியில் கரகரப்பும் முடிவில் விசில் போல ஒரு இழுவையும். அது உன் இருமல், அக்கா. ஒரு வருடம் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்ட அதே இருமல் என் வாயிலிருந்து வந்தது.

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. நித்திரைக் குரல், ஆனால் தெளிவாக.

"மயூரி, எழும்பி அக்காவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் குடு பிள்ளை. மூச்செடுக்கக் கஷ்டப்படுறாள்."

சுவரைப் பார்த்தேன். பிறகு "ஓம் அம்மா" என்றேன்.

குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். உன் குவளையில் ஊற்றினேன். நின்றபடி நானே குடித்தேன்.

வரும்போது பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். கடிதத்தை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிடுவோம், காலையில் வாயால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். விரலில் தூசிதான் பட்டது. கடிதம் அங்கே இல்லை.

கிழித்துவிட்டார் என்று நினைத்தேன். கதிரையைப் பிடித்தபோது அதில் மாட்டியிருந்த அம்மாவின் கைப்பை ஆடியது. வாய் திறந்திருந்தது. உள்ளே அம்மா எதற்கும் பாவிக்கும் அந்தக் கண்ணாடிக் கோப்பு. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். டொக்டரின் கடிதம், மடிப்பு நீவப்பட்டு. அதன் பின்னால் என் பிறப்புச் சான்றிதழ். அதற்கும் பின்னால் நாளைய திகதி போட்ட கிளினிக் துண்டு, அம்மாவின் எழுத்தில் "காலை 6 மணிக்கு வரிசை". கோப்புக்கு அடியில் ஒரு தலையணை உறை, மடித்தபடி. போன கிழமை காணாமல் போனது. கறை போகாத பக்கம் வெளியே தெரிய மடித்திருந்தார். டொக்டருக்குக் காட்ட.

அம்மா நித்திரையில்தான் கதைத்தாரா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. எத்தனை இரவுகளாக அவரும் விழித்திருந்து இந்த இருமலை எண்ணிக்கொண்டு கிடந்தார் என்றும் தெரியவில்லை.

அலுமாரிக்குப் பின்னால் பிறாண்டல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஒட்டுப் பலகையில் நாலைந்து சாம்பல் மயிர் மட்டும் ஒட்டியிருக்கிறது. எலியைக் காணவில்லை.

உன் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இந்தத் தாளுக்கு ஆயுள் குறைவு என்று நீ சொல்வாய். அது சரிதான். முதல் நான்கு நிரல்களின் கோடுகளும் மங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் கொஞ்சக் காலத்தில் ஐந்தும் ஒன்றுபோலவே இருக்கும். நீ பேனாவால் எழுதியது மட்டும் மிஞ்சும். அதை நாளைக்கு என் சட்டைப்பையில் கொண்டுபோகிறேன். டொக்டருக்குக் காட்ட அல்ல. உன் கையால் எழுதிய என் பெயர் என்னிடம் வேறு இல்லை.

ஊசி குத்தும்போது நான் பார்க்கமாட்டேன், நீ பார்க்கச் சொல்லி எவ்வளவு கேலி செய்தாலும். நாளைக்கு எடுக்கப்போகும் குருதியில் உன்னிடமிருந்த அதே எழுத்துகளில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாசிக்கக் கூடியவையும் இருக்கும், வாசிக்க முடியாதவையும் இருக்கும். எல்லாவற்றையும்தான் சுமக்கிறேன், பிரித்தெடுக்க எனக்குத் தெரியாது. கோடு விழாவிட்டால் மருந்து பழசு என்று மட்டும் சொல்லமாட்டேன். அதை உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன்.

அம்மாவின் அறையில் லைற் எரிகிறது. நாலரை. குழாய் திறக்கும் சத்தம். இப்போது என் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார், நிழல் கீழ் இடுக்கில் தெரிகிறது. தட்டவில்லை.

"மயூரி," என்கிறார். "எழும்பு பிள்ளை. வெளிக்கிடுவம்."

அக்கா என்ற சொல் இந்த முறை அதில் இல்லை.